சோடியம் பென்சோயேட்: புட்டியிலும் உடலிலும்

சோடியம் பென்சோயேட் வெண்ணிறத் தூள். மணம் கிடையாது. நாவில் வைத்தால் லேசான இனிப்பும் துவர்ப்பும் கலந்த ஒரு சுவை தெரியும். தண்ணீரில் எளிதில் கரையும் என்பதுதான் உணவுத் தொழிலில் அதன் முதல் தகுதி. பூஞ்சணத்தை உண்மையில் தடுப்பது இந்த உப்பு அல்ல, இதற்குள் அடங்கியிருக்கும் பென்சோயிக் அமிலம். ஆனால் அந்த அமிலம் ஒரு லிட்டர் தண்ணீரில் 3 கிராம் அளவுக்குத்தான் கரையும். அதன் சோடிய உப்போ 500 கிராமுக்கு மேலேயே கரையும். புளிப்பான பழச்சாற்றில் உப்பைக் கரைத்துவிட்டால், சாற்றின் அமிலம் அதைத் திரும்பவும் பென்சோயிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. ஊறுகாய், தக்காளி சாஸ், ஸ்குவாஷ், குளிர்பானம், இருமல் மருந்து, பற்பசை என்று பல பொருள்களில் இது இருக்கிறது. உணவு லேபிளில் ஐ.என்.எஸ். 211 என்று அச்சிட்டிருந்தால் அது சோடியம் பென்சோயேட்டையும், 210 என்றால் பென்சோயிக் அமிலத்தையும் குறிக்கும்.

பென்சோயிக் அமிலத்தைத் தமிழ் வீடுகள் வெகுகாலமாக முகர்ந்து வந்திருக்கின்றன. சுமத்ரா முதலிய தென்கிழக்கு ஆசியப் பகுதிகளில் வளரும் ஸ்டைராக்ஸ் மரங்களின் பிசினே அசல் சாம்பிராணி. அதைச் சூடாக்கும்போது எழும் ஆவி குளிர்ந்து படிந்தால் ஊசி போன்ற படிகங்கள் கிடைக்கும். அவை பென்சோயிக் அமிலப் படிகங்கள். ஐரோப்பியர் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதை அறிந்திருந்தனர். லீபிக், வோலர் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் 1832-இல் இதன் இயைபைக் கணித்தனர். பூஞ்சணத்தை அடக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்று 1875-இல் சல்கோவ்ஸ்கி கண்டறிந்தார். இன்று ஆலைகள் பிசினைத் தேடிப் போவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டொலுவீனைக் கோபால்ட் வினையூக்கியின் முன்னிலையில் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரியச் செய்து பெறுகின்றன. மரத்திலிருந்து வந்தாலும் எண்ணெயிலிருந்து வந்தாலும் மூலக்கூறு ஒன்றே. பிறப்பிடத்தை வைத்து ஒன்றை அமுதென்றும் மற்றதை நஞ்சென்றும் பிரிப்பதில் பொருள் இல்லை.

இயற்கையும் இதைப் பதப்படுத்தியாகப் பயன்படுத்துகிறது. கிரான்பெர்ரி, லிங்கன்பெர்ரி ஆகிய குளிர்நாட்டுப் பழங்களில் பென்சோயிக் அமிலம் தாராளமாக உண்டு. ஸ்காண்டிநேவியாவில் லிங்கன்பெர்ரியைச் சர்க்கரைகூடச் சேர்க்காமல் வெறும் தண்ணீரில் போட்டுக் குளிர்காலம் முழுவதும் வைத்திருப்பார்கள். அது கெடாமல் இருப்பதற்கு இதுவே காரணம். இலவங்கப்பட்டையிலும் கிராம்பிலும் உண்டு. தயிரிலும் உண்டு என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். பாலில் இயல்பாக உள்ள ஹிப்பூரிக் அமிலத்தைத் தயிராக்கும் பாக்டீரியா உடைக்கும்போது கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் வரை பென்சோயிக் அமிலம் உருவாகிவிடுகிறது. ஆகவே தயிரைச் சோதித்த ஆய்வகம் சிறிதளவு பென்சோயிக் அமிலம் கண்டதாகச் சொன்னால், அதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று முடிவு கட்டிவிட முடியாது.

புளிப்பில் மட்டும் வேலை செய்யும் காவல்

பென்சோயிக் அமிலம் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று மின்னேற்றம் இல்லாத முழு மூலக்கூறு. மற்றது ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்னேற்றம் பெற்ற பென்சோயேட் அயனி. ஈஸ்ட், பூஞ்சணம் ஆகியவற்றின் செல் சவ்வு கொழுப்பால் ஆனது. மின்னேற்றம் உள்ளதை அது எளிதில் உள்ளே விடாது, இல்லாததை விட்டுவிடும். உள்ளே நுழைந்த முழு மூலக்கூறு, செல்லுக்குள் அமிலத்தன்மை குறைவாக இருப்பதால், அங்கே பிரிந்து ஹைட்ரஜன் அயனியைக் கக்குகிறது. செல் தன் உட்புறத்தைச் சரிநிலையில் வைத்துக்கொள்ள அந்த அயனிகளை ஓயாமல் வெளியே இறைக்க வேண்டியிருக்கிறது. அதற்குச் சேமித்த ஆற்றல் செலவாகிறது. அதே நேரத்தில் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் தரும் நொதிகளின் வேலையும் முடங்குகிறது. வரவு குறைந்து செலவு கூடிய செல் வளர்வதை நிறுத்துகிறது.

இரண்டு வடிவங்களில் எது எவ்வளவு இருக்கும் என்பதை உணவின் பி.எச். மதிப்பே தீர்மானிக்கிறது. பி.எச். 3 உள்ள எலுமிச்சைப் பானத்தில் ஏறத்தாழ 94 சதவீதம் முழு மூலக்கூறாக இருக்கும். பி.எச். 4-இல் அது 60 சதவீதம், 5-இல் 13 சதவீதம். 6-ஐத் தொட்டால் வெறும் ஒன்றரைச் சதவீதம். பால், சோறு, வேகவைத்த பருப்பு, இறைச்சிக் குழம்பு போன்ற புளிப்பற்ற உணவுகளில் இந்தத் தூளைப் போடுவது ஏறக்குறைய வீண் என்பது இதிலிருந்து தெரியும். பி.எச். 4.6-க்கு மேல் உள்ள, காற்றுப் புகாமல் அடைத்த உணவில் வளரக்கூடிய பாட்டுலிசம் பாக்டீரியாவின் நஞ்சு உயிரைப் பறிப்பது. அதற்கு இந்தத் தூளை நம்புவது ஆபத்து. அங்கே உயர்வெப்பமே வழி.

புளிப்பு உணவிலும் இதன் வெற்றி முழுமையானதல்ல. சைகோசாக்கரோமைசிஸ் பைலியை என்ற ஈஸ்ட் இனம் அனுமதிக்கப்பட்ட அளவு பென்சோயேட்டைத் தாங்கிக்கொண்டு வளரும். பழச்சாறு ஆலைகளுக்கு அது தீராத தலைவலி. அசுத்தமான ஆலையைப் பென்சோயேட் காப்பாற்றுவதில்லை. ஏற்கெனவே பெருகிவிட்ட கிருமிகளைக் கொல்வதைவிட, கொஞ்சமாக உள்ளவை பெருகாமல் தடுப்பதுதான் அதற்கு இயன்ற வேலை.

கல்லீரல் செய்யும் வேலை

குடித்த பானத்திலுள்ள பென்சோயேட் இரைப்பையின் அமிலத்தில் பென்சோயிக் அமிலமாகி, குடலால் விரைவாக உறிஞ்சப்பட்டு, இரத்தம் வழியாகக் கல்லீரலை அடைகிறது. அங்கே மைட்டோகாண்ட்ரியாவுக்குள் முதலில் கோஎன்சைம் ஏ-யுடன் இணைகிறது. பிறகு கிளைசின் என்ற எளிய அமினோ அமிலம் அதனோடு ஒட்டிக்கொள்ள, ஹிப்பூரிக் அமிலம் உருவாகிறது. சிறுநீரகம் அதைத் தயங்காமல் வெளியேற்றிவிடும். வழக்கமான அளவில் உட்கொண்டதில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் வெளியேறுகிறது. ஒரு நாளுக்குப் பின் மிச்சம் ஏதும் இராது. உடலில் தங்கிச் சேரும் பொருள்களின் பட்டியலில் பென்சோயேட்டுக்கு இடமில்லை.

ஹிப்பூரிக் அமிலத்தைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்து 1829-இல் இனங்கண்டவர் லீபிக். பென்சோயிக் அமிலத்தை உட்கொண்டால் அது சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலமாக வெளிவருகிறது என்று 1841-இல் அலெக்ஸாண்டர் யூர் மனிதரில் காட்டினார். வெளியிலிருந்து வரும் ஒரு பொருளை உடல் வேறொன்றோடு இணைத்து அப்புறப்படுத்துகிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்றுகளில் ஒன்று அது. மருந்துகளும் நஞ்சுகளும் உடலில் என்ன ஆகின்றன என்று ஆராயும் துறையே ஒரு வகையில் இந்தப் பதப்படுத்தியிலிருந்து தொடங்குகிறது எனலாம். பெயின்ட் தொழிலாளர்கள் சுவாசிக்கும் டொலுவீனும் உடலில் இதே வழியாக ஹிப்பூரிக் அமிலமாகத்தான் முடிகிறது. எனவே அவர்களின் சிறுநீரில் இதை அளந்து டொலுவீன் பாதிப்பை மதிப்பிடும்போது, முந்தின நாள் குடித்த குளிர்பானம் கணக்கைக் குழப்பிவிடக்கூடும்.

இந்த வெளியேற்ற வழிக்கு ஓர் எல்லை உண்டு: கிளைசின் கையிருப்பு. பென்சோயேட் மிக அதிகமானால் கிளைசின் தட்டுப்படும். மருத்துவம் இந்தக் குறையையே ஒரு கருவியாக்கிக்கொண்டது. யூரியா சுழற்சியில் பிறவிக் குறை உள்ள குழந்தைகளின் உடலில் அம்மோனியா தேங்கி மூளையைத் தாக்கும். அவர்களுக்குச் சோடியம் பென்சோயேட்டை ஏற்றினால், அது கிளைசினைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். கிளைசினோடு அதிலுள்ள நைட்ரஜனும் போய்விடும். உடல் புதிதாகக் கிளைசின் ஆக்க மேலும் நைட்ரஜனைச் செலவிட, அம்மோனியா குறையும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சால் புருசிலோ குழுவினர் வளர்த்தெடுத்த இந்தச் சிகிச்சையில், எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். உணவுக்கு நெடுங்காலம் வகுத்திருந்த உச்ச அளவைப் போல அது 50 மடங்கு. மருத்துவமனையின் கண்காணிப்பில் அது உயிர் காக்கிறது. கண்காணிப்பு இன்றி அவ்வளவு எடுத்தால் வாந்தியும் இரத்தத்தில் அமில மிகையும் வரும்.

மனச்சிதைவு நோயாளிகளுக்கு வழக்கமான மருந்துடன் நாளொன்றுக்கு 1 கிராம் சோடியம் பென்சோயேட்டும் சேர்த்து ஆறு வாரம் கொடுத்ததில் அறிகுறிகள் குறைந்ததாகத் தைவான் ஆய்வாளர்கள் 2013-இல் அறிவித்தனர். மூளையில் டி-அமினோ அமிலங்களைச் சிதைக்கும் ஒரு நொதியை இது தடுப்பதே காரணம் என்பது அவர்களின் விளக்கம். குளிர்பானத்தைக் குடித்தால் மனம் தெளியும் என்று இதற்குப் பொருள் அல்ல. ஒரு பொருளின் விளைவு அளவையும் ஆளையும் பொறுத்தது என்பதற்கு இது இன்னோர் எடுத்துக்காட்டு மட்டுமே.

ஆளைப் பொறுத்தது என்பதற்குக் கொடிய எடுத்துக்காட்டு ஒன்று 1982-இல் அமெரிக்காவில் வெளிப்பட்டது. குறைமாதக் குழந்தைகளின் ஊசிக்குழாய்களைக் கழுவப் பயன்படுத்திய உப்புநீரில் கிருமித் தடுப்புக்காகப் பென்சைல் ஆல்கஹால் சேர்க்கப்பட்டிருந்தது. அது உடலில் பென்சோயிக் அமிலமாக மாறுவது. முதிராத கல்லீரலால் அதைக் கிளைசினோடு இணைத்து வெளியேற்ற முடியவில்லை. மூச்சுத் திணறி, இரத்தம் அமிலமாகிப் பல குழந்தைகள் இறந்தன. அதன் பின் பச்சிளங்குழந்தைகளுக்கான திரவங்களிலிருந்து அந்தப் பதப்படுத்தி விலக்கப்பட்டது. விலங்குகளில் பூனையும் இப்படி எளிதில் பாதிக்கப்படுவது. மனிதர்களுக்குக் கிளைசின் போதாதபோது குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைக்கும் மாற்று வழி உண்டு. பூனைக்கு அந்த வழி மிகவும் பலவீனம். பிரிட்டனில் 1970-களின் தொடக்கத்தில் பென்சோயிக் அமிலம் சேர்த்த இறைச்சியைத் தின்ற பூனைகள் நரம்புக் கோளாறு கண்டு மடிந்தன.

வாஷிங்டனில் ஒரு விருந்து மேசை

பென்சோயேட் உடலுக்குக் கேடா என்ற வழக்கு நூறாண்டு கடந்தது. அமெரிக்க வேளாண் துறையின் வேதியியல் பிரிவுத் தலைவர் ஹார்வி வைலி, 1902 முதல் இளம் தன்னார்வலர்களை ஓர் உணவுக்கூடத்தில் உட்கார்த்தி, போராக்ஸ், சாலிசிலிக் அமிலம், ஃபார்மலின் போன்ற அக்காலப் பதப்படுத்திகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சோதித்தார். பத்திரிகைகள் அவர்களை ‘நஞ்சுப் படை’ என்று அழைத்தன. பென்சோயேட்டும் அந்த மேசைக்கு வந்தது. எடை குறைவதாகவும் செரிமானம் கெடுவதாகவும் குறித்துக்கொண்ட வைலி அதைத் தடை செய்யவேண்டும் என்றார். 1906-இல் தூய உணவு, மருந்துச் சட்டம் நிறைவேறியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

தொழிலதிபர்கள் எதிர்த்தனர். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், சாக்கரின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட ஐரா ரெம்சனின் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை அமைத்தார். அந்தக் குழுவின் சோதனையில் நாளொன்றுக்கு 0.3 கிராம் பென்சோயேட் தொடர்ந்து கொடுக்கப்பட்டது. பிறகு அளவு 4 கிராம் வரை உயர்ந்தது. சிறிய அளவு தீங்கற்றது என்று குழு 1909-இல் அறிக்கை தந்தது. வைலி தோற்றார், 1912-இல் பதவி விலகினார்.

உடற்செயலியலைப் பொறுத்தவரை ரெம்சன் குழுவே சரி என்பதைப் பின்வந்த ஆய்வுகள் பெரும்பாலும் உறுதிப்படுத்தின. வைலியின் சோதனையில் பதப்படுத்தி சேர்ந்த உணவுக்காரர்களுக்கு அருகே, சேராத உணவு தின்ற ஒப்பீட்டுக் குழு முறையாக அமையவில்லை. ஆயினும் அவருடைய இன்னொரு வாதம் இன்றும் வலுவிழக்கவில்லை. அக்காலத்தில் பல ஆலைகள் தக்காளிப் பொதியிடலில் கழிந்த தோலையும் அழுகல் துண்டுகளையும் கூட்டிக் கெட்சப் காய்ச்சின. பென்சோயேட் இல்லாமல் அது சில நாளில் நுரைத்துப் பொங்கியிருக்கும். கெட்டதை விற்கத் துணைபோவதுதான் பதப்படுத்தியின் பெரிய கேடு என்றார் வைலி. கெட்சப் உற்பத்தியாளர் ஹென்றி ஹெய்ன்ஸ் அவர் பக்கம் நின்று, நன்கு பழுத்த தக்காளியோடு வினிகரையும் சர்க்கரையையும் கூட்டி, பென்சோயேட் இல்லாத கெட்சப்பை விற்றுக் காட்டினார். அவ்வாறு கூட்டிய சர்க்கரை பின்னாளில் தனியொரு சுகாதாரக் கேள்வியானது வேறு கதை.

வைட்டமின் சி சேரும்போது

பென்சோயேட்டைப் பற்றி இன்று கவலைப்பட நியாயமான காரணம் அது தனித்திருக்கும்போது செய்வதல்ல, புட்டிக்குள் வேறொன்றோடு சேரும்போது நடப்பது. அந்த வேறொன்று வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம். பானத்தில் மிகச் சிறிதளவு செம்பு அல்லது இரும்பு அயனி இருந்தால் போதும். தண்ணீரில் அது எப்போதும் கொஞ்சம் இருக்கும். அஸ்கார்பிக் அமிலம் அந்த அயனிகளின் துணையோடு, கரைந்துள்ள ஆக்சிஜனைப் படிப்படியாக ஹைட்ரஜன் பெராக்சைடாக்கி, கடைசியில் ஹைட்ராக்சில் என்னும் தனியுறுப்பை உண்டாக்குகிறது. எதையும் தாக்கும் அந்தத் தனியுறுப்பு பென்சோயிக் அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிய்த்தெடுக்கிறது. மிஞ்சுவது பென்சீன்.

பென்சீன் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் ஐயமே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதை முதல் தொகுதியில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் வரிசையில், வைத்திருக்கிறது. வைட்டமின் சி-யை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்றே விளம்பரங்கள் போற்றுகின்றன. உலோக அயனியின் அருகில் அதுவே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டிவிடுகிறது என்பது வேதியியலின் குறும்பு.

இந்த வினை நடப்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்கும் குளிர்பானத் தொழிலுக்கும் 1990-இலேயே தெரியவந்தது. வினையின் பாதையை விளக்கும் ஆய்வுக் கட்டுரை 1993-இல் வெளியானது. தொழிலகங்கள் தாமாகவே கலவையைத் திருத்திக்கொள்ளும் என்று நம்பி விவகாரம் அமைதியாக விடப்பட்டது. பதினைந்து ஆண்டு கழித்து, 2005-இல், சந்தையில் இருந்த சில பானங்களில் பென்சீன் இருப்பது மீண்டும் வெளிப்பட்டபோதுதான் எல்லாரும் விழித்தனர். புதிய பானங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களுக்குப் பழைய எச்சரிக்கை எட்டவே இல்லை. அமைதியான உடன்பாடுகளின் ஆயுள் அவ்வளவுதான். அமெரிக்க நிர்வாகம் அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பானங்களைச் சோதித்தது. பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது மிகக் குறைவு. பத்துப் பானங்களில் மட்டும் குடிநீருக்கு அந்நாடு வகுத்துள்ள லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அவற்றின் கலவைகள் மாற்றப்பட்டன. பிரிட்டனிலும் 2006-இல் சில பானங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன.

வெப்பமும் வெளிச்சமும் இந்த வினையை விரைவுபடுத்தும். சர்க்கரை அதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. எனவே சர்க்கரையற்ற ‘டயட்’ வகைப் பானங்களில் பென்சீன் உருவாகும் வாய்ப்பு அதிகம். உலோக அயனிகளைக் கவ்விப்பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளைச் சேர்த்தாலும் வினை மட்டுப்படும். வைட்டமின் சி-யைத் தனியாகக் கலக்க வேண்டும் என்பதும் இல்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, நெல்லி, கொய்யாச் சாற்றில் இயல்பாக உள்ளதே போதும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊர்களில் பானப் புட்டிகளைத் திறந்த லாரியில் ஏற்றி, கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கி வைக்கும் பழக்கத்தை இந்தக் கோணத்திலிருந்தும் பார்க்க வேண்டும்.

அச்சத்துக்கும் ஓர் அளவு வேண்டும். ஒரே ஒரு சிகரெட்டின் புகையில் பல பத்து மைக்ரோகிராம் பென்சீன் உள்ளது. பெட்ரோல் ஆவியிலும் போக்குவரத்து நெரிசலின் காற்றிலும் மனிதர் சுவாசிப்பதோடு ஒப்பிட்டால், பானங்களிலிருந்து வருவது சிறுபங்கு. ஆனால் கலவையைச் சற்று மாற்றினாலே இல்லாமல் செய்துவிடக்கூடிய ஒரு புற்றுநோய்க் காரணியை, குறைவுதானே என்று புட்டிக்குள் விட்டுவைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சிறுவர்களின் துறுதுறுப்பும் தோல் தடிப்பும்

சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூன்று வயதுக் குழந்தைகள் 153 பேருக்கும், எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்கள் 144 பேருக்கும் செயற்கை நிறங்களும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த இரு வகைப் பானங்களைக் கொடுத்து, கலக்காத பானத்தோடு ஒப்பிட்டு, 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டனர். எது எந்தப் பானம் என்று குழந்தைகளுக்கோ பெற்றோருக்கோ தெரியாது. கலவைப் பானம் குடித்த காலத்தில் துறுதுறுப்பும் கவனச் சிதறலும் சராசரியாகச் சற்றுக் கூடின. குழந்தைக்குக் குழந்தை வேறுபாடு மிகுதி. இரண்டு கலவைகளில் ஒன்று மூன்று வயதினரிடம் தெளிவான விளைவைக் காட்டவும் இல்லை.

இந்த ஆய்வைச் சுட்டிப் பென்சோயேட்டைக் குற்றவாளியாக்குவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். இரு கலவைகளிலும் பென்சோயேட் ஒரே அளவு, 45 மில்லிகிராம். நிறங்களை விட்டுப் பென்சோயேட்டை மட்டும் கொடுத்த குழு எதுவும் இல்லை. எனவே விளைவு நிறத்தாலா, பென்சோயேட்டாலா, இரண்டும் சேர்ந்ததாலா என்று இதிலிருந்து சொல்லவே முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் எச்சரிக்கை வாசகம் அச்சிடச் சொன்னது ஆய்வில் பயன்பட்ட ஆறு நிறங்களுக்குத்தான், பென்சோயேட்டுக்கு அல்ல. நிறமூட்டிய பானத்தைக் குறைத்துப் பார்த்துக் குழந்தையின் போக்கில் மாற்றம் தெரிகிறதா என்று கவனிப்பதில் பெற்றோருக்கு இழப்பு ஒன்றும் இல்லை.

ஒவ்வாமை போன்ற எதிர்விளைவுகளுக்குச் சான்று இதைவிடத் திட்டமானது. ஆனால் பாதிக்கப்படுவோர் சிலரே. நாள்பட்ட தோல் தடிப்பு உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோரில் ஒரு சிறு பகுதியினருக்குப் பென்சோயேட் அரிப்பையோ மூச்சிறைப்பையோ தூண்டக்கூடும். இது பெரும்பாலும் நோயெதிர்ப்பு மண்டலம் எதிர்ப்பொருள் ஆக்கி நிகழ்த்தும் உண்மையான ஒவ்வாமை அல்ல. எனவே வழக்கமான ஒவ்வாமைச் சோதனைகளில் தெரியாது. மருத்துவர் மேற்பார்வையில் விலக்கிப் பார்த்து, மீண்டும் கொடுத்துப் பார்த்தே உறுதி செய்யமுடியும். உதடும் வாயும் வீங்கும் ஒரு வகை நோய்க்குப் பென்சோயேட்டையும் இலவங்கப்பட்டையையும் சேர்த்து விலக்கும் உணவுமுறை சிலருக்குப் பலன் தருகிறது. அங்கே செயற்கையும் இயற்கையும் ஒரே தட்டில் நிற்கின்றன.

ஈஸ்ட் செல்களில் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.-வைப் பென்சோயேட் சேதப்படுத்துகிறது என்று ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பைப்பர் கண்டது 2007-இல் பெரும் பரபரப்பானது. ஈஸ்டை அடக்கவே பென்சோயேட் சேர்க்கப்படுகிறது, ஈஸ்டுக்குக் கல்லீரலும் இல்லை என்பதை நினைவில் கொண்டால் அந்த முடிவின் எடை தெரியும். எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் நீண்டகாலம் கொடுத்த சோதனைகளில் புற்றுநோய் கூடவில்லை.

எவ்வளவு, யாருக்கு

நான்கு தலைமுறை எலிகளுக்கு எடையின் ஒரு கிலோவுக்கு 500 மில்லிகிராம் வீதம் கொடுத்தும் தீங்கு தெரியவில்லை. அதை நூறால் வகுத்து, மனிதர் வாழ்நாள் முழுதும் அன்றாடம் உட்கொள்ளத்தக்க அளவு கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் மறுபரிசீலனை செய்து அதையே வைத்துக்கொண்டது. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டாக நடத்தும் நிபுணர் குழு 2021-இல் அதை 20 ஆக உயர்த்தியது.

குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம், 15 கிலோ குழந்தைக்கு 75 மில்லிகிராம். இந்தியாவில் 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகள் வகுத்து, பின்னரும் தொடர்ந்த வரம்புகள், பென்சோயிக் அமிலமாகக் கணக்கிட்டு, ஊறுகாய்க்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம், ஜாமுக்கு 200, தக்காளி சாஸுக்கு 750, ஸ்குவாஷுக்கு 600, அப்படியே குடிக்கும் பழப்பானத்துக்கு 120. உணவோடு தொட்டுக்கொள்ளும் 20 கிராம் ஊறுகாயில் 5 மில்லிகிராம்தான் வரும். அதே ஊறுகாயில் 2 கிராமுக்குக் குறையாத உப்பு இருக்கும். நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயில் அஞ்சவேண்டியது எது என்று இந்தக் கணக்கே காட்டிவிடும். வரம்பை எளிதில் நெருங்க வைப்பவை பானங்கள். இரண்டு மூன்று குவளை ஸ்குவாஷோடு பிரட்டுக்குத் தாராளமாகச் சாஸும் சேர்ந்தால், சிறு குழந்தையின் கணக்கு 75-ஐத் தாண்டிவிடும். ஒரு நாள் தாண்டுவது விபரீதம் அல்ல. அந்த எண் அன்றாடப் பழக்கத்துக்கானது.

சட்டம் மீறப்படும் இடம் பெரும்பாலும் பெரிய ஆலை அல்ல, எடை பார்க்காத சிறுதொழில். பழப் பதப்படுத்தல் வகுப்புகளில் எலுமிச்சை, மாம்பழம் போன்ற வெளிர்நிறச் சாறுகளுக்குக் கே.எம்.எஸ். எனப்படும் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டையும், திராட்சை, நாவல், தக்காளி போன்ற ஆழ்நிறச் சாறுகளுக்குச் சோடியம் பென்சோயேட்டையும் சொல்லித்தருவார்கள். கே.எம்.எஸ். நிறத்தை வெளுக்கச் செய்துவிடும் என்பதே காரணம். ஸ்குவாஷுக்கான 600 மில்லிகிராம் வரம்பு பென்சோயிக் அமிலத்துக்கு உரியது. அதைத் தர ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 700 மில்லிகிராம் சோடியம் பென்சோயேட் தேவை. சமையலறைத் தராசில் 0.7 கிராமை நம்பகமாக நிறுக்க இயலாது. கண்ணளவாக ஒரு தேக்கரண்டி அள்ளிப் போட்டால் அது வரம்பைப் பல மடங்கு மீறும். 7 கிராமைக் கவனமாக நிறுத்து, வெந்நீரில் கரைத்து, 100 மில்லியாக்கி வைத்துக்கொண்டு, ஒரு கிலோ ஸ்குவாஷுக்கு அதில் 10 மில்லி வீதம், பாகு ஆறிய பிறகு ஊற்றிச் சீராகக் கலக்கினால் அளவு பிசகாது.